ஷைனி வில்சன்: உஷாவுக்குப் பின்னால் ஓடியவர்தானா?

27 ஜூலை 2024, காலை 8.10 (வாசகர் கேள்வி)

நேற்று ராத்திரி பாரிஸ் தொடக்க விழா பார்த்தேன். கொட்டும் மழையில் படகின் மேல் சிந்துவும் நம்ம சரத் கமலும் கொடியோடு நின்றார்கள். இதற்கு முன்னால் ஒலிம்பிக்கில் நம் கொடியைப் பிடித்த பெண் யார் என்று தேடினால் முதல் பெயராக ஓட்டக்காரி ஷைனி வில்சன், 1992 பார்சிலோனா என்று வருகிறது. பி.டி. உஷா இருக்கும்போது இவருக்கு எப்படிக் கொடி போனது? உஷாவுக்குப் பின்னால் ஓடியவர்தானே இவர்?

27 ஜூலை, காலை 9.05

1992-ல் உஷா ஓடவே இல்லை. 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டோடு விலகி, சில வருடம் கழித்துத்தான் திரும்பி வந்தார். அதனால் "உஷா இருக்கும்போது" என்பது அடிபட்டுப் போகிறது.

இரண்டாவது, ஷைனியின் ஓட்டம் 800 மீட்டர். உஷா ஓடியது 100, 200, 400, 400 தடை ஓட்டம். 800-ல் உஷாவுக்கு முன்னால், பின்னால் என்ற பேச்சுக்கே இடமில்லை. இருவரும் மோதிக்கொண்டது 400-ல். 1986 சியோல் ஆசிய விளையாட்டில் 400-ல் உஷா தங்கம், ஷைனி வெள்ளி. அந்த ஒன்றை வைத்துத்தான் இந்தப் "பின்னால்" என்ற சொல் ஒட்டிக்கொண்டது என்று நினைக்கிறேன்.

27 ஜூலை, மதியம்

பஸ்ஸில் இருந்தபடி எழுதியதால் மேலே பாதியில் விட்டேன். ஷைனி பற்றி எழுத எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. பள்ளியில் நான் 800 ஓடினவள். பெரிய ஆள் இல்லை, மாவட்டத்தைத் தாண்டவில்லை. எப்படி 800-க்கு வந்தேன் என்று கேட்டால், எல்லாரும் வந்த வழிதான். 400-ல் நாலாவதாக வந்தேன். பி.டி. சார், "உனக்கு வேகம் பத்தாது, மூச்சு இருக்கு, போய் 800-ல நில்லு" என்றார். எங்கள் ஊர்ப்பக்கம் 800 என்பது 400-ல் தோற்றவர்களுக்கும் 1500 ஓடச் சோம்பல்பட்டவர்களுக்குமான புறம்போக்கு நிலம்.

ஷைனியின் கதை வேறு. 400-ல் ஆசியாவிலேயே இரண்டாவதாக வரக்கூடியவர் 800-ஐத் தன் சொந்த ஓட்டமாக வைத்துக்கொண்டவர். 1965-ல் கேரளத்தில் தொடுபுழாவில் பிறந்தார். பாலா அல்போன்சா கல்லூரியில் படித்தார். 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் 800 அரையிறுதி வரை போனார். ஒலிம்பிக்கில் அரையிறுதிக்குப் போன முதல் இந்தியப் பெண் அவர்தான் என்று அப்போதே எழுதினார்கள். அதே ஒலிம்பிக்கில் உஷா 400 தடை ஓட்டத்தில் ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தை விட்டார். 55.42-க்கு 55.41. அந்த நூறில் ஒரு பங்கு நாடு முழுக்கப் பேசப்பட்டது. பக்கத்தில் நடந்த அரையிறுதி அதன் நிழலில் போய்விட்டது. யார் மேலும் தப்பு சொல்ல முடியாது, அந்த நூறில் ஒரு பங்கு அப்படிப்பட்டது.

27 ஜூலை, இரவு 10.20

ஒரு வேடிக்கை. எங்கள் கல்லூரி வினாடி வினாவில், "1984 ஒலிம்பிக்கில் 4x400 ரிலே இறுதிக்குப் போன இந்தியப் பெண்கள் நால்வர் யார்?" என்று கேட்டார்கள். உஷா, வல்சம்மா, வந்தனா ராவ் சொல்லிவிட்டு, நாலாவதாக "ஷைனி வில்சன்" என்றேன். தப்பு என்று மணி அடித்தார்கள். அவர்கள் அட்டையில் ஷைனி ஆபிரகாம் என்று இருந்தது. நீச்சல் வீரர் வில்சன் செரியனைக் கல்யாணம் செய்துகொண்ட பிறகுதான் அவர் ஷைனி வில்சன். இரண்டும் ஒரே ஆள் என்று நான் வாதாடி முடிப்பதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். இன்றும் சில பட்டியல்களில் இரண்டு பேராகக் கிடக்கிறார். பெண் கல்யாணம் ஆனால் பதக்கமும் பிறந்த வீட்டில் பாதி, புகுந்த வீட்டில் பாதி போலிருக்கிறது.

28 ஜூலை, காலை

ஒருவர் கேட்டிருக்கிறார்: "சியோலில் தங்கம் கையில் இருந்தபோது தன் தப்பால் விட்டவர்தானே?" ஆமாம், அவரேதான். அதைப் பற்றி எழுதாமல் இந்த இழை முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனால் 800-ல் லேன் விதி என்ன என்று தெரியாமல் அதைப் பேசினால் அது வெறும் வம்பு.

முழுச் சுற்று 400 மீட்டர். 100, 200, 400 மூன்றிலும் கடைசி வரை உன் லேனை, அதாவது உனக்கென்று கோடு போட்டுப் பிரித்த பாதையை, விட்டு நகரக் கூடாது. 1500-ல் வளைந்த கோட்டில் எல்லாரும் சேர்ந்து நின்று புறப்பட்டு, உடனே உள்ளே சேர்ந்துகொள்ளலாம். 800 மட்டும் இரண்டும் கெட்டான். முதல் வளைவு முழுக்க உன் லேன். அது முடிந்ததும் டிராக்கின் குறுக்கே வளைவாக ஒரு பச்சைக் கோடு இருக்கும். அதைத் தாண்டிய பிறகுதான் உள் லேனுக்கு வரலாம். வெளி லேனில் ஓடுபவருக்கு வளைவில் தூரம் கூடுவதால் புறப்படும் இடத்திலேயே ஈடு கொடுத்துவிடுவார்கள். எட்டாம் லேன்காரர் முதல் லேன்காரரைவிடச் சுமார் 26, 27 மீட்டர் முன்னால் நிற்பார். அதனால் கோட்டுக்கு முன்பே உள்ளே வந்தால் சில அடிகளைத் திருடிய கணக்கு.

1986 சியோல். ஷைனி 800-ல் முன்னிலையில் ஓடியும், அனுமதிக்கு முன்பே லேன் மாறியதற்காகத் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். இவ்வளவுதான் நடந்தது. அந்த ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்குக் கிடைத்த தங்கம் மொத்தமே 5. உஷா தனியாக மூன்று, பெண்கள் ரிலே ஒன்று, மல்யுத்தத்தில் கர்தார் சிங் ஒன்று. ஷைனியினுடையது ஆறாவதாக இருந்திருக்கும்.

அந்த ரிலே அணியில் ஷைனியும் உண்டு என்பதை அந்த வம்பு பேசுபவர்கள் சொல்வதில்லை. ஆக சியோலிலிருந்து அவர் ஒரு தங்கம், ஒரு வெள்ளியோடு திரும்பினார். ஒரு தகுதி நீக்கத்தோடும்.

28 ஜூலை, இரவு 11.15

இதை எழுதலாமா என்று சாயங்காலம் முழுக்க யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

அதே தப்பை நானும் செய்திருக்கிறேன். மாவட்ட அளவில், குடியரசு தினத் தடகளப் போட்டி. மண் டிராக். காலையில் சுண்ணாம்புத் தூளில் போட்ட கோடு, மதியம் எங்கள் முறை வருவதற்குள் ஜூனியர் பையன்கள் மிதித்து மிதித்துக் காணாமல் போயிருந்தது. எனக்கு ஆறாவது லேன். துப்பாக்கி வெடித்தது, வளைவு ஓடினேன், நேராகிற மாதிரி தெரிந்தது, உள்ளே வெட்டினேன். அன்றைக்குக் கால் என்னமோ நன்றாகப் பேசியது. இரண்டாவது சுற்றில் யாரும் பக்கத்தில் இல்லை. வாழ்க்கையில் முதலும் கடைசியுமாக நாடாவை நெஞ்சால் தொட்டேன்.

வளைவில் நின்ற நடுவர் அதற்கு இரண்டரை நிமிஷம் முன்பே, விதி மீறல் என்று காட்டும் மஞ்சள் கொடியைத் தூக்கிவிட்டிருந்தார். எனக்கு எப்படித் தெரியும்? அவர் நிற்பது எனக்குப் பின்னால். மைதானம் முழுக்கத் தெரிந்திருக்கிறது, எங்கள் பி.டி. சாருக்குத் தெரிந்திருக்கிறது, வேர்க்கடலை விற்றவருக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. ஓடுகிற ஒருத்திக்கு மட்டும் தெரியவில்லை. ஒன்றரைச் சுற்றுக்கு மேல் நான் இல்லாத ஒரு பந்தயத்தில் ஓடிக்கொண்டிருந்தேன்.

அதனால்தான் "தன் தப்பால்" என்று ஒரே சொல்லில் யாராவது முடிக்கும்போது எனக்கு வயிற்றில் என்னவோ செய்கிறது. தப்பு தப்புதான். விதியைப் பற்றி எனக்குப் புகார் இல்லை, மஞ்சள் கொடியைப் பற்றியும் இல்லை. ஆனால் அந்தத் தப்பு நடப்பது ஓட்டம் தொடங்கிப் பதினைந்து, பதினாறு விநாடியில். மிச்சமுள்ள நூற்றுச் சொச்சம் விநாடி அந்தப் பெண் உண்மையாக ஓடியது.

29 ஜூலை, காலை

இரவு எழுதியதைப் படித்தால் என்னையும் ஷைனியையும் ஒரே தராசில் வைத்த மாதிரி இருக்கிறது. அவர் ஓடியது ஆசிய விளையாட்டு. நான் ஓடிய மைதானத்தில் வெளி வளைவுக்குப் பக்கத்தில் ஆடு மேய்ந்தது. அழிக்காமல் விடுகிறேன், யாராவது திட்டினால் வாங்கிக்கொள்கிறேன்.

29 ஜூலை, மாலை

திருத்தம் ஒன்று வந்திருக்கிறது, நியாயமானது. வேறொரு இழையில் நான் "ஆசியாவை 800-ல் வென்ற முதல் இந்தியப் பெண் ஷைனி" என்று எழுதியிருந்தேன். தப்பு. 1978 பாங்காக் ஆசிய விளையாட்டிலேயே கீதா ஜுட்ஷி 800 தங்கம் வாங்கிவிட்டார். 1982 டெல்லியில் அவருக்கு 800, 1500 இரண்டிலும் வெள்ளி, இரண்டிலும் வட கொரியாவின் சாங் யோங் ஏ முந்தினார். ஷைனி தங்கம் வாங்கியது 1985 ஜகார்த்தா ஆசியத் தடகளப் போட்டியில். உஷா ஒரே ஆளாக ஐந்து தங்கம் அள்ளிய அதே ஜகார்த்தா. மறுபடியும் நிழல், பாருங்கள். இந்தப் பெண் எப்போது ஜெயித்தாலும் பக்கத்து டிராக்கில் உஷா அதைவிடப் பெரிதாக எதையாவது செய்துகொண்டிருந்தார்.

கீதா ஜுட்ஷியை மறந்ததற்கு மன்னிப்பு. நாங்கள் எல்லாம் கேரளத்தையே பார்த்து வளர்ந்த தலைமுறை, காஷ்மீரத்துப் பெயர் ஞாபகத்தில் நிற்கவில்லை.

30 ஜூலை

"இரண்டு சுற்றில் அப்படி என்ன கஷ்டம்? மாரத்தானே ஓடுகிறார்கள்" என்று ஒரு தம்பி.

தம்பி, ஷைனியின் மிகச் சிறந்த நேரம் 1:59.85. எட்டால் வகுத்தால் 100 மீட்டருக்கு 14.98 விநாடி. பக்கத்து மைதானத்துக்குப் போய் ஒரே ஒரு 100 மீட்டரை 15 விநாடியில் ஓடிப் பார். முடிந்தால் சந்தோஷம். இப்போது நிற்காமல் இன்னும் ஏழு முறை அதையே செய்ய வேண்டும். ஐந்தாவதிலிருந்து காலில் ஈயம் ஊற்றின மாதிரி இருக்கும். ஆறாவதில் கை மரத்துப்போகும். ஏழாவதில் கண்ணில் பார்வை குறுகி, முன்னால் ஓடுகிறவளின் முதுகு எண் மட்டும் தெரியும். எட்டாவது எனக்குத் தெரியாது, நான் அந்த வேகத்தில் அங்கே போனதில்லை.

மாரத்தானில் வலி மெதுவாக வந்து உட்காரும். 400-ல் வலி வருவதற்குள் முடிந்துவிடும். 800-ல் வலி வந்த பிறகும் ஒரு சுற்று மிச்சம் இருக்கும்.

30 ஜூலை, பின் குறிப்பு

இதே காரணத்தைச் சொல்லித்தான் பெண்களை ஓடவே விடாமல் வைத்திருந்தார்கள். 1928 ஆம்ஸ்டர்டாமில் முதல் தடவையாகப் பெண்களுக்கு 800 வைத்தார்கள். ஜெர்மனியின் லினா ராட்கே 2:16.8-ல் ஜெயித்தார். ஓடி முடித்ததும் சிலர் தரையில் படுத்துவிட்டார்கள். உடனே பத்திரிகைகள், பெண் உடம்பு இதைத் தாங்காது என்று எழுதித் தள்ளின. அப்புறம் 1960 ரோம் வரை பெண்களுக்கு 800 கிடையாது. 32 வருஷம்! 800 ஓடி முடித்துத் தரையில் படுக்காத ஆம்பிளையை யாராவது பார்த்திருந்தால் இங்கே எழுதவும்.

31 ஜூலை, இரவு

இப்போது என் பெருமைக்கு வருகிறேன். அந்த 1:59.85-ஐ நான் நேரில் பார்த்தேன்.

1995 டிசம்பர், தெற்காசிய விளையாட்டு, நேரு ஸ்டேடியம். அப்போது ஊர் பெயர் மெட்ராஸ்தான், மறு வருஷம்தான் சென்னை ஆனது. நான் பன்னிரண்டாம் வகுப்பு. பெரியமேட்டில் மாமா வீடு, ஸ்டேடியத்துக்கு நடந்தே போகலாம். அண்ணன், நான், மாமா பையன் மூன்று பேரும் போனோம். ஷைனிக்கு அப்போது 30 வயது, குழந்தை பெற்றவர். சென்னையிலேயே இந்திய உணவுக் கழகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அதாவது நம் ஊர்க்காரர்போலத்தான். லாஸ் ஏஞ்சல்ஸ் போய்ப் பதினொரு வருஷம், சியோல் மஞ்சள் கொடிக்கு அப்புறம் ஒன்பது வருஷம். அன்றைக்கு இரண்டு நிமிஷத்துக்குள் 800 ஓடிய முதல் இந்தியப் பெண் ஆனார்.

ஒலிபெருக்கியில் "ஒன் ஃபிஃப்டி நைன்" என்று வந்தபோது எங்கள் வரிசையில் பாதிப் பேருக்கு அது என்ன என்றே புரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், "இந்தியாவா ஜெயிச்சது?" என்று மட்டும் கேட்டுக்கொண்டு சுண்டலுக்குத் திரும்பினார். நான் எழுந்து நின்று கத்தினேன். அண்ணன் என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தான்.

1 ஆகஸ்ட், காலை

மேலே உள்ளதை அண்ணனுக்கு அனுப்பினேன். போன் பண்ணிச் சிரிக்கிறான்.

"நீ எங்கடி பார்த்தே? மாமா பையனுக்கு ஒண்ணுக்கு வந்து நீதானே கூட்டிட்டுப் போனே. நீ திரும்பி வரும்போது கடைசிச் சுற்று மணி அடிச்சாச்சு."

நான் மறுத்தேன். அவன் சொல்லச் சொல்ல ஒன்றொன்றாகத் திரும்பி வந்தது: கழிப்பறை வாசலில் இருந்த நீள வரிசை, உள்ளிருந்து கேட்ட துப்பாக்கிச் சத்தம், பையனின் கையைப் பிடித்துக்கொண்டு படி ஏறி ஓடியது. உண்மை. நான் பார்த்தது கடைசி 300 மீட்டர், அதிகம் போனால் 350. முதல் சுற்றை இருபத்தெட்டு வருஷமாக நானே செய்து சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். "முதல் சுற்றில் அவர் தோள் ஆடவே இல்லை" என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! நல்லவேளை, இங்கே இன்னும் எழுதவில்லை.

கடைசி 300-ஐ மட்டும் சத்தியமாகப் பார்த்தேன். முன்னால் யாரும் இல்லை. கடிகாரத்தோடுதான் ஓட்டம்.

1 ஆகஸ்ட், மாலை

"தெற்காசியப் போட்டிதானே, எதிர்ப்பே இல்லாமல் ஓடியது" என்று சொல்பவருக்கு: எதிர்ப்பு இல்லாமல் 1:59 ஓடுவது கஷ்டம், சுலபம் இல்லை. முன்னால் ஒருத்தி இழுத்துக்கொண்டு ஓடினால் பின்னால் போகலாம். தனியாக ஓடுகிறவளுக்குக் காற்றும் சொந்தம், கணக்கும் சொந்தம்.

அந்தச் சாதனை எவ்வளவு நாள் நின்றது தெரியுமா? 2010 செப்டம்பர் வரை. குரோஷியாவில் ஸ்பிளிட் நகரத்தில் டின்டு லூக்கா 1:59.17 ஓடினார். கிட்டத்தட்ட பதினைந்து வருஷத்தில் குறைந்தது 0.68 விநாடி. டின்டுவை உருவாக்கியது யார்? உஷா, தன் பள்ளியில். ஷைனியின் சாதனையை உடைக்க உஷாவுக்கு ஒரு மாணவி தேவைப்பட்டது என்று நான் சொன்னால் கேரளத்துக்காரர்கள் அடிக்க வருவார்கள். சிரித்துவிட்டுப் போங்கள்.

டின்டுவின் ஓட்டம் எனக்குப் பயம். முதல் சுற்றில் எல்லாரையும் பின்னால் தள்ளிக்கொண்டு போவார், கடைசி நூறில் ஒவ்வொருவராகத் தாண்டிப் போவார்கள். 2010 டெல்லி காமன்வெல்த்தில் அப்படித்தான் ஆறாவது. டிவி முன்னால் உட்கார்ந்து "கொஞ்சம் வெச்சுக்கோ, கொஞ்சம் வெச்சுக்கோ" என்று கத்திக்கொண்டிருந்தேன். ஆனாலும் 2015 வூஹானில் ஆசியத் தங்கம் வாங்கினார், குறை சொல்ல நான் யார்.

2 ஆகஸ்ட்

"கேரளத்துக்காரரைப் பற்றியே பேசுகிறீர்கள், நம் சாந்தி? நம் கோமதி?"

கேட்பீர்கள் என்று தெரியும். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியிலிருந்து, செங்கல் சூளையில் கூலி வேலை செய்த பெற்றோரின் மகளாக வந்த சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800-ஐ 2:03.16-ல் ஓடி வெள்ளி வாங்கினார். பாலினப் பரிசோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள். திருச்சிப் பக்கம் முடிகண்டத்திலிருந்து வந்த கோமதி மாரிமுத்து 2019-ல் அதே தோஹாவில் ஆசியத் தடகளத்தில் 2:02.70 ஓடித் தங்கம் வாங்கினார். ஊக்கமருந்துப் பரிசோதனையில் அதுவும் போய், நான்கு வருஷத் தடை. ஒரே ஊர், ஒரே தூரம், நம் பக்கத்து இரண்டு மாவட்டம். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசாதீர்கள், அதை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஒன்று விதிமீறல் வழக்கு. மற்றதில் அந்தப் பெண் மீறியது எதுவுமே இல்லை, தன் உடம்போடு பிறந்து ஓடினார், அவ்வளவுதான். சாந்தியைப் பற்றி ஓரத்தில் நாலு வரி எழுதிவிட்டுப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. தனி இழை தொடங்குங்கள், வருகிறேன்.

4 ஆகஸ்ட்

வாழ்க்கை வரலாறு மாதிரி ஒரு பட்டியல் போடச் சொல்கிறார்கள். பட்டியல் எனக்கு வராது. 1985 ஜகார்த்தாவில் தொடங்கி 1995 ஜகார்த்தா வரை ஆறு ஆசியத் தடகளப் போட்டிகள், ஒன்றுகூட விடாமல். 1984-லிருந்து 1996 வரை நான்கு ஒலிம்பிக். 1985-ல் அர்ஜுனா, 1998-ல் பத்மஸ்ரீ. இதில் என்னை உட்கார வைப்பது அந்த "ஒன்றுகூட விடாமல்" தான். இடையில் கல்யாணம், பிரசவம், வேலை, ஊர் மாற்றம். எங்கள் செட்டில் ஓடியவர்கள் பன்னிரண்டாம் வகுப்புக்கு அப்புறம் ஒருத்திகூட ஓடவில்லை. நான் உட்பட. எனக்குக் காரணம் கல்யாணம்கூட இல்லை. டைப்ரைட்டிங் கிளாஸ் மாலை ஐந்து மணிக்கு. மைதானமும் மாலை ஐந்து மணிக்கு. அப்பா டைப்ரைட்டிங்குக்குப் பணம் கட்டியிருந்தார்.

5 ஆகஸ்ட், இரவு

இன்று நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்குப் பாரிஸில் பெண்கள் 800 இறுதி. நாளைக்கு ஆபீஸ் இருக்கிறது. பார்க்கத்தான் போகிறேன். அண்ணன் மகளும் விழித்திருக்கிறாள். பள்ளியில் 800 ஓடுகிறாள், எங்கள் குடும்ப வியாதி.

6 ஆகஸ்ட், அதிகாலை 1.50

பிரிட்டனின் கீலி ஹாட்கின்சன் தங்கம், 1:56.72. எத்தியோப்பியாவின் சிகே டுகுமா வெள்ளி, கென்யாவின் மேரி மொரா வெண்கலம். முந்தின மாதம் லண்டனில் 1:54.61 ஓடியவளுக்கு இது தேவைக்கு ஓடிய ஓட்டம். உலக சாதனை இன்னும் 1983-ல் க்ராடொக்விலோவா ஓடிய 1:53.28 தான். நான் பள்ளிக்கூடம் சேர்ந்த காலத்துச் சாதனை, எனக்கு நரைத்தும் அப்படியே நிற்கிறது. அதைப் பற்றி ஆளுக்கொரு சந்தேகம் சொல்வார்கள், இந்த நேரத்தில் அதற்குள் போகவில்லை.

அண்ணன் மகள் ஓட்டத்தைப் பார்த்ததைவிட முதல் வளைவைத்தான் உற்றுப் பார்த்தாள். "அத்தை, அந்தக் கோட்டுக்கு முன்னாடி லேன் கோட்டு மேல குட்டிக் குட்டியா கூம்பு வெச்சிருக்காங்க பார். எங்க கிரவுண்டுல இல்லையே." இத்தனை வருஷம் நான் டிவியில் அதைக் கவனித்ததே இல்லை. எட்டு ஓட்டக்காரிகளும் அந்தக் கூம்பைத் தாண்டின பிறகுதான் தோளைத் திருப்பினார்கள்.

6 ஆகஸ்ட், மாலை

தூங்கி எழுந்து யோசித்ததில் ஒரு விஷயம். சியோல் தப்பைப் பற்றி எழுதும்போது "பதினைந்து, பதினாறு விநாடி" என்றேன். மறுபடி கணக்குப் போட்டேன். எந்த லேனிலும் கோடு வரும் இடம் புறப்பட்டுச் சுமார் 115 மீட்டரில். நின்ற இடத்திலிருந்து புறப்பட்டு 100 மீட்டருக்கு 14 விநாடி என்றால், 115-க்கு 16 விநாடிக்குப் பக்கத்தில். அதாவது முதலில் சொன்னதே சரி. விடாப்பிடியாக இருக்கிறேன் என்று நினைக்காதீர்கள், ஓடினவர்களுக்கு விநாடி தப்பினால் தூக்கம் வராது.

இன்னொரு நினைப்பும். 400-ம் 800-ம் ரிலேயும் ஒரே போட்டியில் ஓடுகிறவருக்கு லேன் விதி ஒவ்வொரு நாளும் மாறுகிறது. 400-ல் நான்கு நூறும் லேனில். ரிலேயில் மூன்று வளைவு வரை லேனில், இரண்டாவதாக ஓடுகிறவள்தான் உள்ளே வெட்டுவாள். 800-ல் ஒரு வளைவு. சியோலில் ஷைனி மூன்றையும் ஓடினார். சாக்குச் சொல்கிறேன் என்று சொல்வீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள்.

8 ஆகஸ்ட்

முதல் கேள்வி கேட்டவர் மறுபடி வந்திருக்கிறார்: "சரி அக்கா, பின்னால் ஓடியவர் என்றதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். பார்சிலோனாவில் அவர் கொடி பிடித்தார், பாரிஸுக்கு ஒலிம்பிக் சங்கத் தலைவராக உஷா போயிருக்கிறார். கணக்கு சரியா?"

சரிதான். உஷாவை நான் குறைக்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் பள்ளி நோட்டுப் புத்தக அட்டையில் இருந்தது உஷா படம்தான். ஷைனி படம் போட்ட நோட்டு கடையில் கிடைக்கவில்லை.

9 ஆகஸ்ட், இரவு

அண்ணன் மகள் ஓடும் மைதானத்துக்கு இன்று சாயங்காலம் போய்ப் பார்த்தேன். 800 கோடு போட்டிருக்கிறார்கள், ஆனால் வளைவாக இல்லை, ஸ்கேல் வைத்த மாதிரி நேராக. அப்படிப் போட்டால் வெளி லேன்காரிக்கு அநியாயம், அவள் உள்ளே சாய்ந்து வரும் தூரம் கணக்கில் வராது. அங்கே இருந்த பயிற்சியாளரிடம் சொன்னேன். நல்ல மனிதர், "நீங்களே அளந்து போட்டுக் கொடுங்கம்மா" என்றுவிட்டார்.

ஞாயிறு காலை ஆறு மணிக்குப் போடலாம் என்றிருக்கிறோம். சுண்ணாம்புத் தூள் இரண்டு மூட்டை வாங்கியாயிற்று. கூம்புக்குப் பதில் பழைய டென்னிஸ் பந்தைப் பாதியாக வெட்டி வைக்கலாம் என்பது அவள் யோசனை, காலில் பட்டாலும் இடறாது. 50 மீட்டர் இரும்பு டேப் மட்டும் கிடைக்கவில்லை. துணி டேப் இழுத்தால் நீள்கிறது. பக்கத்தில் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், பத்து மணிக்குள் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.